பொறிதோறும் ஒரே விடை

குறைந்த எழுத்தில் நிறைந்த பொருளைக் கட்டிவைப்பது நூற்பா. ஆயிரம் சொற்களில் நிகழும் புணர்ச்சியை ஓரிரண்டு அடிகளில் அடக்கிக் காட்டிய இலக்கண மரபு நம்முடையது. கணிப்பொறித் துறையில் பல்லாண்டுகள் பாடம் சொன்ன நான், எங்கள் துறையிலும் நூற்பாவை ஒத்த ஒன்று உண்டு என்று தமிழ்த்துறை நண்பர்களிடம் அடிக்கடி கூறுவதுண்டு. இம்மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டபோது, அதனையே எழுதலாம் என்று துணிந்தேன். அந்த நூற்பாவால் ஓர் ஆய்வு மாணவிக்கு நேர்ந்த இடரும், அதிலிருந்து நாங்கள் கற்றதும் தமிழ் பயில்வோர் அறிய வேண்டியவை என்பது என் எண்ணம்.

நூற்பாவும் கோவையும்

ஆங்கிலத்தில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று வழங்கும் இதனை இக்கட்டுரையில் 'வடிவக் கோவை' என்று குறிக்கின்றேன். ஒரு நூலில் 'மலர்' என்னும் சொல் எங்கெங்கு வருகின்றது என்று தேடுவது எளிது. ஆனால் 'ம' எனத் தொடங்கி 'ர்' என முடியும் சொற்கள் யாவை, 'லே' என முடியும் அடிகள் எத்தனை என்று கேட்டால், சொல்லைத் தந்து தேட இயலாது. சொல்லின் வடிவத்தைத் தந்துதான் தேட வேண்டும். அவ்வடிவத்தை எழுதிக் காட்டும் குறியீட்டு மொழியே வடிவக் கோவை.

அதன் குறிகள் சிலவே. புள்ளி வைத்தால், ஏதேனும் ஓர் எழுத்து என்று பொருள். விண்மீன் குறி வைத்தால், அதற்கு முன் நின்றது எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்று பொருள். டாலர் குறி அடியின் முடிவைக் காட்டும். சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளை எழுதினால், அவற்றுள் யாதேனும் ஒன்று என்று கொள்ள வேண்டும். எனவே 'லே$' என்று எழுதினால், 'லே' என முடியும் அடிகள் அனைத்தும் என்று பொறி பொருள் கொள்ளும்.

இக்கோவையின் வரலாறு கணிதத்தில் தொடங்குகின்றது. அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1956-இல் வெளியான தம் கட்டுரையில் இதன் அடிப்படையை வகுத்தார். விண்மீன் குறியை இன்றும் அவர் பெயராலேயே வழங்குவர். கென் தாம்சன் 1968-இல் இதனைக் கணிப்பொறியின் தேடல் முறையாக ஆக்கிக் காட்டினார். 1987-இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல் மொழியில் கோவைகள் மிகுந்த ஆற்றல் பெற்றன. 1997-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிலிப் ஹேசல், தாம் எழுதிய 'எக்சிம்' என்னும் அஞ்சல் மென்பொருளின் தேவைக்காக, பெர்ல் மொழியின் கோவைகளை வேறு நிரல்களும் கையாள உதவும் நிரல் நூலகம் ஒன்றை எழுதத் தொடங்கினார். 'பி.சி.ஆர்.இ.' என்பது அதன் பெயர். அஞ்சல் நிரலுக்கென எழுந்த அந்நூலகம் பின்னர் பி.எச்.பி., அப்பாச்சி முதலிய எண்ணற்ற மென்பொருள்களுக்குள் புகுந்தது. அதன் மறுபிறப்பாகிய 'பி.சி.ஆர்.இ.2' 2015-இல் வெளிவந்தது.

கேட்டறிந்து கட்டுதல்

உலகிலுள்ள கணிப்பொறிகள் ஒரே வகையின அல்ல. லினக்ஸ், விண்டோஸ், மேக், ஐ.பி.எம். பெரும்பொறி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு பழக்கம் உடையது. ஒரே மூலநிரல் இவை அனைத்திலும் இயங்க வேண்டுமாயின் என்ன செய்வது?

புதிய ஊருக்கு மாற்றலாகிச் செல்லும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அறிவுடைய ஆசிரியர் முதல் நாளே பாடத்தைத் தொடங்கிவிட மாட்டார். கரும்பலகை உண்டா, மாணவர் எதுவரை படித்துள்ளனர், நூலகத்தில் என்னென்ன நூல்கள் உள்ளன என்று கேட்டறிவார். அதற்கேற்பத் தம் பாடத்தை அமைத்துக்கொள்வார். நிரல் நூலகமும் அவ்வாறே செய்கின்றது. அதனுடன் 'கன்ஃபிகர்' என்னும் ஏவல் கோப்பு ஒன்று வருகின்றது. 1991-இல் டேவிட் மெக்கென்சி உருவாக்கிய 'ஆட்டோகான்ஃப்' என்னும் கருவியால் ஆக்கப்படுவது அது.

இதில் நான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. 'உன் பெயர் என்ன?' என்று கேட்டு, பெயரை வைத்து இயல்பை ஊகிப்பது அதன் முதன்மையான வழக்கம் அன்று. 'இன்ன செயற்கூறு உன்னிடம் உண்டா?' என்று கேட்கும் மிகச் சிறிய நிரலொன்றைத் தானே எழுதி, அப்பொறியின் கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்கின்றது. கம்பைலர் ஏற்றால் உண்டு, மறுத்தால் இல்லை. இவ்வாறு பல வினாக்களைக் கேட்டு, விடைகளைத் தலைப்புக் கோப்பு ஒன்றில் எழுதி வைக்கின்றது. அதன்பின் நூலகம் அக்குறிப்பைப் படித்துப் படித்துத் தன்னைக் கட்டிக்கொள்கின்றது. ஏவல் கோப்பினை இயக்க வசதியற்ற பொறிகளுக்கென, கையால் திருத்திக்கொள்ளத்தக்க பொதுவான தலைப்புக் கோப்பும் உடன் தரப்படுகின்றது.

ஆயின் பொறியைக் கேட்டு அறிய முடியாத வினாக்களும் சில உள்ளன. வரி எங்கே முடிகின்றது? எழுத்து என்பது எது? எவ்வளவு நேரம் தேடிய பின் கைவிடலாம்? இவற்றுக்குப் பொறி விடை கூறாது. நூலகத்தைக் கட்டுகின்ற மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால், நூலகத்தை இயற்றியவர் வகுத்த இயல்பான முடிவே நிலைபெறும். அம்முடிவு எங்கோ ஒரு கோப்பில் அமைதியாகக் கிடக்கும். கோவையை எழுதுபவர் அதனைக் காண்பதேயில்லை. இடர் பிறப்பது இங்கேதான்.

வரி எங்கே முடிகின்றது?

தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு செயல்கள் நிகழும். உருளைத் தாங்கி தொடக்கத்துக்குத் திரும்பும். தாள் ஒரு வரி மேலேறும். இவ்விரண்டுக்கும் கணிப்பொறி தனித்தனிக் குறி வகுத்தது. முன்னதன் எண் 13. பின்னதன் எண் 10. யூனிக்ஸ் வழிவந்த பொறிகள் 10 ஒன்றே போதும் என்றன. பழைய மேக் பொறிகள் 13-ஐ மட்டும் கொண்டன. விண்டோஸ் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றது. கண்ணுக்குத் தெரியாத இக்குறியால் கணக்கு எவ்வாறு மாறும் என்பதற்கு எங்கள் மாணவியின் வரலாறே சான்று.

2012 அளவில் நம் தமிழ்த்துறை ஆய்வு மாணவி ஒருவர் சிந்துப் பாடல்களின் இயைபுத் தொடையை ஆராய்ந்தார். பாடல்கள் அனைத்தையும் கணிப்பொறியில் ஏற்றி, ஒவ்வோர் இறுதியும் எத்தனை அடிகளில் வருகின்றது என்று கோவைகளால் எண்ணி, அட்டவணையாக ஆய்வேட்டில் இணைத்திருந்தார். பாடல்களில் ஒரு பகுதியைத் தம் வீட்டிலிருந்த விண்டோஸ் பொறியிலும், எஞ்சியதைக் கல்லூரியின் லினக்ஸ் பொறியிலும் தட்டச்சு செய்திருந்தார். எண்ணும் நிரலைக் கணிப்பொறித் துறை மாணவர் ஒருவர் எழுதித் தந்திருந்தார்.

ஆய்வேடு மதிப்பீட்டுக்குச் சென்ற இடத்தில், அதே கோப்புகளையும் அதே நிரலையும் கொண்டு தம் பொறியில் மீண்டும் எண்ணிப் பார்த்தனர். மீள எண்ணிப் பார்த்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அங்கே கிடைத்த எண்கள் அட்டவணை எண்களில் பாதிக்கும் குறைவாக இருந்தன. அட்டவணை நம்பத்தக்கதன்று, எண்கள் எங்கிருந்து வந்தன என்று விளக்குக என்னும் குறிப்புடன் ஆய்வேடு திரும்பி வந்தது. அச்சொற்களின் உட்பொருள் யாவருக்கும் விளங்கும். நான்காண்டு உழைப்பின்மேல் விழுந்த ஐயம் அது. அட்டவணையையே நீக்கிவிடலாமா என்றுகூட அம்மாணவி கலங்கினார்.

துறைத்தலைவர் வேண்டுகோளின்படி நான் இரு பொறிகளையும் ஒப்பிட்டேன். நிரல் ஒன்றே; பாடல்கள் அவையே; கோவைகளும் அவையே. வேறுபட்டது, இரண்டிலும் இருந்த பி.சி.ஆர்.இ. நூலகத்தைக் கட்டிய முறை. எங்கள் ஆய்வகத்தில் அதனை நிறுவியவர், 10, 13, இரண்டும் சேர்ந்தது ஆகிய எதுவும் வரி முடிவே என்று கட்டியிருந்தார். அங்கிருந்த பொறியில் இயல்பான முடிவாகிய 10 மட்டுமே வரி முடிவு. எனவே 'லே$' என்னும் கோவை அங்கே விண்டோஸ் கோப்புகளின் அடிகளுக்கு வந்தபோது, 'லே' என்பதற்கும் வரி முடிவுக்கும் இடையே 13 என்னும் குறி நின்றது. 'லே' இறுதியில் இல்லை என்று பொறி விடை கூறிற்று. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. விண்டோஸில் தட்டச்சு செய்த பாடல்களின் அடிகள் மட்டும் ஓசையின்றிக் கணக்கிலிருந்து நீங்கின.

"ஐயா, அப்படியென்றால் நான் எண்ணியது பொய் இல்லையே?" என்று அம்மாணவி கேட்டார்.

"பொய் இல்லை அம்மா. அவர்களுடைய பொறியும் பொய் சொல்லவில்லை. வரி எது என்பதில்தான் இரண்டும் வேறுபட்டன," என்றேன்.

எழுத்து எது?

வரி முடிவிலேயே இத்தனை வேறுபாடு என்றால், எழுத்தில் எவ்வளவு இருக்கும்! தமிழ் எழுத்துகள் முப்பது முதலெழுத்தாகவும், உயிர்மெய், ஆய்தம் சேர்த்து 247 ஆகவும் எண்ணப்படும் என்பதை நாம் அறிவோம். பொறி அறிந்த கணக்கு வேறு. யூனிகோடு முறையில் 'தமிழ்' என்னும் சொல்லுக்குத் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண்கள். யூ.டி.எஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால், சொல் முழுமைக்கும் 15 பைட்டுகள். எனவே 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால், 3 என்பது தமிழாசிரியர் விடை. 5 என்பது யூனிகோடு அறிந்த நூலகத்தின் விடை. 15 என்பது அதனை அறியாத நூலகத்தின் விடை.

பழைய பி.சி.ஆர்.இ. நூலகத்தில் யூனிகோடு ஆற்றல் இயல்பாக அமைவதன்று. கட்டுபவர் வேண்டும் என்று கேட்டால்தான் அமையும். பி.சி.ஆர்.இ.2-இல் இந்நிலை மாறி, வேண்டாம் என்று சொன்னாலொழிய அது அமைந்தே வரும். நூலகத்தில் ஆற்றல் இருந்தாலும், நிரலோ கோவையோ அதனைப் பயன்படுத்துமாறு கேட்கவும் வேண்டும்.

கேளாவிடில் நிகழ்வது யாது? சதுர அடைப்புக்குள் 'கச' என்று எழுதி, ககரம் அல்லது சகரம் வருமிடங்களைத் தேடுகின்றோம் என்று கொள்வோம். யூனிகோடு அறியாத நிலையில் நூலகம் அவ்விரு எழுத்துகளையும் ஆறு பைட்டுகளாகக் காணும். அவற்றுள் யாதேனும் ஒரு பைட்டு வந்தால் போதும் என்று கொள்ளும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224 என்னும் ஒரே எண்தான். ஆதலால் ககரம் சகரம் தேடியவருக்குத் தமிழ் எழுத்து அனைத்துமே விடையாக வந்து குவியும். இங்கும் பிழைச் செய்தி வாராது.

யூனிகோடு அறிந்த நூலகத்திடமும் விழிப்பு வேண்டும். 'கொடி' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் நான்கு குறியெண்கள், பின்னதில் ஐந்து. நூலகம் இரண்டையும் தானாக ஒன்றாக்காது. தேடுவதற்கு முன் கோப்பை ஒரே முறைக்குக் கொண்டுவருதல் நம் கடமை. எழுத்தும் அதனைச் சார்ந்த குறிகளும் சேர்ந்த முழு வடிவத்தை ஒன்றாகக் கொள்ளும் தனிக்குறி ஒன்று கோவை மொழியில் உண்டு. அதைக் கையாண்டால் 'தமிழ்' மூன்றெழுத்தாகவே எண்ணப்படும்.

கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்பது யாப்பு. இதனைப் பொறிகொண்டு சோதிக்க விரும்பும் மாணவர், 'எழுத்து' என்று தாம் சொல்வதையே பொறியும் கொள்கின்றதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் பிழையற்ற செய்யுளும் பிழையுடையதாகத் தோன்றும்.

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐ.பி.எம். பெரும்பொறிகள் கையாளும் 'எப்சிடிக்' என்னும் குறியீட்டு முறையில் ஆங்கில நெடுங்கணக்கே இடையிடையே துண்டுபட்டுக் கிடக்கின்றது. சிறிய எழுத்துகளில் ஒன்பதாவதாகிய 'ஐ' 137. அடுத்து வரும் 'ஜே' 145. 'ஏ' முதல் 'இசட்' வரை எண்கள் தொடர்ந்து வரும் என்று நம்பி எழுதிய நிரல் அங்கே தடுமாறும். அதனால் அப்பொறிகளுக்கென நூலகத்தைத் தனியே கட்டும் வழியையும் ஹேசல் வைத்தார். எழுத்து வரிசை எங்கும் ஒன்றே என்னும் நம்பிக்கை ஆங்கிலத்துக்கும் துணைநிற்கவில்லை.

எல்லை வகுத்தல்

சில கோவைகள் நூலகத்தை அலைக்கழிக்கும். விண்மீனுக்குள் விண்மீன் வைத்தால், ஒரே தொடரைப் பிரித்துப் பார்க்கும் வழிகள் எழுத்துக்கு எழுத்து பெருகும். ஒரு வழி பொருந்தாவிடில் நூலகம் பின்வாங்கி மறுவழி பார்க்கும். அதற்கு முடிவே இராது. எனவே இத்தனை முறைக்கு மேல் முயல வேண்டாம் என்று எல்லை வகுத்துள்ளனர். இயல்பான எல்லை ஒரு கோடி. நூலகத்தைக் கட்டுபவர் இதனைக் குறைக்கவும் கூட்டவும் செய்யலாம். குறைத்துக் கட்டிய பொறியில் கைவிடப்படும் தேடல், மற்றொரு பொறியில் விடை காணும்.

நினைவகமும் இத்தகையதே. 2017-இல் வெளிவந்த 10.30 பதிப்புக்கு முன், பின்வாங்கும் தேடலுக்கு இயல்பாக நூலகம் 'ஸ்டாக்' என்னும் அடுக்கு நினைவகத்தை நம்பியிருந்தது. அவ்வடுக்கு சிறிதாக உள்ள பொறியில் நீண்ட பாடத்தைத் தேடினால் நிரலே வீழ்ந்துவிடும். அவ்வாறு நேராமல் வேறு நினைவகத்தை நாடுமாறு கட்டும் வசதியும் அன்று இருந்தது. 10.30 முதல் அவ்வமைப்பே மாற்றப்பட்டது.

நூலகத்திடமே கேட்கலாம்

மருந்து இருக்கின்றது, அது எளியதும்கூட. எவ்வாறு கட்டப்பட்டேன் என்பதை நூலகமே கூறும். அதனுடன் வரும் சோதனை நிரலை 'சி' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்து விருப்பத்துடன் இயக்கினால், பதிப்பு எண், யூனிகோடு ஆற்றல், வரி முடிவு, தேடல் எல்லை ஆகியவற்றை நிரல்படக் காட்டும். நம் மாணவிக்காக நான் செய்தது அவ்வளவே. இரு பொறிகளிலும் அதனை இயக்குவித்து, வந்த பட்டியல்களை அருகருகே வைத்து விளக்கம் எழுதி அனுப்பினோம். மதிப்பீட்டாளர்கள் பெருந்தன்மையுடன் ஏற்றனர். வாய்மொழித் தேர்வு மூன்று மாதம் தாழ்ந்து நடந்தது. அட்டவணை ஓர் எண்ணும் மாறாமல் ஆய்வேட்டில் நின்றது.

இரண்டாவது மருந்து இன்னும் சிறந்தது. வரி முடிவு இன்னது, எழுத்து முறை யூ.டி.எஃப் என்று கோவையின் தலைப்பிலேயே அறிவிக்கும் சிறப்புக் குறிகள் உள்ளன. அவற்றை எழுதிவிட்டால், நூலகத்தை எவர் எவ்வாறு கட்டியிருந்தாலும் கோவை தன் பொருளைத் தானே கொண்டு செல்லும். யூனிகோடு ஆற்றல் இல்லாத நூலகமாயின், தவறான எண்ணைத் தராமல், இயலாது என்று வெளிப்படையாக மறுக்கும். பிழையான விடையைவிட நேர்மையான மறுப்பு ஆய்வாளனுக்கு நன்மை பயப்பது.

நிறைவாக

உரையாசிரியர்கள் பாட வேறுபாடு காட்டும்போது, இன்ன சுவடியில் இன்ன பாடம் என்று குறித்துச் செல்வர். சுவடியைச் சொல்லாமல் பாடத்தை மட்டும் சொன்னால் அறிஞர் ஏற்பதில்லை. கணிப்பொறி எண்ணித் தந்த எண்ணுக்கும் அந்நெறியே பொருந்தும். எந்தக் கோவையால் எண்ணினோம், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு, வரி முடிவாகவும் எழுத்தாகவும் அது எதனைக் கொண்டது என்பவற்றை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பக்கம் எழுதுதல் வேண்டும். அரைமணி நேர வேலைதான் அது. எண்ணியவர் நேர்மையை எவரும் ஐயுறாமல் காப்பது அந்த ஒரு பக்கமே.

சொல்லடைவும் தொடரடைவும் கைவிரலால் எண்ணிய காலம் போய், நொடியில் எண்ணும் காலம் வந்துவிட்டது. எண்ணும் விரைவு கூடக்கூட, எதை எண்ணினோம் என்று சொல்லும் பொறுப்பும் கூடுகின்றது. நம் தமிழ்த்துறையில் இனிவரும் ஆய்வேடுகள் யாவும் அப்பின்னிணைப்புடன் வெளிவருமாயின், பிற கல்லூரிகளும் அவ்வழக்கத்தை மேற்கொள்ளும் என்று நம்புகின்றேன்.